மிஸ் ஓஸெல்லாவின் சிவப்பு ரோஜா

எங்கள் சபையில் ஒருத்தரைப் பற்றி உங்களுக்கு எதுவுமே தெரியாமல் இருக்கலாம். அன்னையர் தினத்தன்று அவர் மார்பில் குத்தியிருக்கும் பூவைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். தாய் உயிரோடு இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் வெள்ளை. அலபாமாவில் குடிதண்ணீர்க் குழாய்கூட இரண்டு இரண்டாக இருந்த காலத்திலும் இந்த ஒரு வழக்கத்தில் மட்டும் கறுப்பர் சபையும் வெள்ளையர் சபையும் ஒன்றாகத்தான் இருந்தன. ஏன் என்று எனக்குத் தெரியாது. தாயைப் பறிகொடுப்பதில் தனி வரிசை போட முடியவில்லையோ என்னவோ.

யார் முதல் தடவையாக வெள்ளைக்கு மாறியிருக்கிறார்கள், யார் பெற்றவளோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் முட்டைக்கோஸ் அளவுக்குச் சிவப்பு ரோஜா குத்திக்கொண்டு வருகிறார்கள் என்பதெல்லாம் ஒருத்தர் கவனிக்க வேண்டாமா? அதற்காகவே நான் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்காருவேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தால் வம்புக்காரி என்பார்கள்.

மிஸ் ஓஸெல்லா என் எதிர்வீடு. எங்கள் பக்கம் மூத்த பெண்கள் எல்லாரும், கல்யாணமானவர்கள்கூட, மரியாதைக்கு மிஸ்தான். நான் ஒன்றும் எட்டிப் பார்ப்பதில்லை. என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய? அவருக்கு எண்பத்தாறு வயது. ஒரு காலத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகள் பாதிக்கு ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுத்தவர். நாங்கள் ஓட்டுரிமைக்காக அலைந்த வருடங்களில் இருக்கிற தொப்பியிலேயே நல்ல தொப்பியாகப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார். வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிய மாட்டோம் என்று துரத்துவார்கள். அடுத்த வாரம் வேறு தொப்பியில் போய் நிற்பார். கடைசியில் அவர்களுக்குத்தான் அலுத்துப்போயிற்று.

அப்படிப்பட்டவருக்கு இப்போது ஐஸ் டீ ஜாடியில் உப்பைப் போடுகிறோம் என்பது தெரியவில்லை. செத்துப் பல வருடமான புருஷனுக்குத் தட்டு வைக்கிறார். மகள் ஆர்லீதா பதினெட்டு வயதில் கிளீவ்லாந்துக்குப் போனவள், அங்கே தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு வாங்கிக்கொண்டு அம்மாவைக் கவனிக்கத் திரும்பி வந்திருக்கிறாள். அவள் டீயில் சர்க்கரையே போடுவதில்லை என்பதை முதல் வாரமே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். வடக்கே போனவர்களுக்கு ஏதாவது ஒன்று கெட்டுப்போகத்தான் செய்யும். மற்றபடி நல்ல பெண். என்னைவிட ஐந்து வயது சின்னவள், என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், அதுவும் ஃப்ரெடோனியாவை டோனியாவாகச் சுருக்கி.

போன வருட அன்னையர் தினத்தில் நடந்தது இது. சபை வாசலில் பூக்கூடை வைத்துக்கொண்டு நிற்பது சிஸ்டர் லூவெல்லா. வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை, முகத்தில் நியாயத்தீர்ப்பு நாள். எல்லாருக்கும் குத்துவதுபோல மிஸ் ஓஸெல்லாவுக்கும் ஒரு வெள்ளைப் பூவைக் குத்தினார். மிஸ் ஓஸெல்லா குனிந்து பார்த்தார்.

“வெள்ளையா? யாரு போயிட்டாங்க?”

“உங்கம்மாதான் மிஸ் ஓஸெல்லா. எந்தக் காலத்துலயோ போயாச்சே.”

அந்த அலறலைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பழைய துக்கத்துக்கு அழுகிற அழுகை இல்லை அது. அப்போதுதான் செய்தி கேட்ட மகளின் அலறல். அவரைப் பொறுத்தவரை அப்போதுதானே கேட்டார். நாலு நாள் சாப்பிடவில்லை. அழுது ஓய்ந்து, ஏன் அழுகிறோம் என்று மறந்து, மறந்த பிறகும் அழுதுகொண்டிருந்தார்.

ஆகவே இந்த வருடம் அன்னையர் தினத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம் ஆர்லீதா என் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, விஷயம் என்ன என்று எனக்குப் பாதி தெரியும்.

“டோனியா, நாளைக்கு அம்மாவுக்குச் சிவப்புப் பூ குத்திக் கூட்டிட்டு வரப்போறேன்.”

நான் சாலட்டுக்கு உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். கத்தி நின்றது.

“எண்பத்தாறு வயசுக்காரிக்கா?”

“எண்பத்தாறு வயசுக்காரிக்குத்தான்.”

“ஏண்டி, உன் பாட்டி மிஸ் ரோவீனாவைப் புதைச்சப்ப நீயும் நானும் அங்கதான நின்னோம். ஊரே நின்னுச்சு.”

“ஊருக்கெல்லாம் தெரியும். அவங்க ஒருத்தங்களுக்குத்தான் தெரியாது. தெரியாமலே இருக்கட்டுமேன்றேன்.”

“நாளைக்கு ஒரு நாள் வீட்டுலயே இருந்துடேன்.”

ஆர்லீதா நாற்காலியில் உட்கார்ந்தாள். தோலை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

“ஞாயித்துக்கிழமைன்னு அவங்களுக்கு எப்படித்தான் தெரியுதோ. நான் எந்திரிக்கறதுக்குள்ள தொப்பியைப் போட்டுக்கிட்டு கட்டில்ல உக்காந்திருக்காங்க. வெறும் தொப்பி. கீழ நைட்டி. சபையில போயி உக்காந்தா எல்லாப் பாட்டும் எல்லா வரியும் வருது. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘ஆர்லீதா, நிமிந்து உக்காரு’ன்றாங்க. பேரு சொல்றாங்க டோனியா. மத்த ஆறு நாளும் நான் வேலைக்கு வந்த பொண்ணு. ‘உனக்கு எவ்வளவு சம்பளம் தர்றோம், பத்துதா?’ன்னு கேக்கறாங்க. போன வருஷம் மாதிரி இன்னொரு தடவை ஆச்சுன்னா நான் கூட்டிட்டு வர்றதையே விட்டுடணும். அப்ப எனக்கு அந்த ஒரு நாளும் இல்ல.”

கத்தியை வைத்துவிட்டுக் காரியத்தில் இறங்கினேன். தொலைபேசியை எடுத்தேன்.

என் வாயைப் பற்றி இந்த ஊரில் என்னென்னவோ சொல்வார்கள். அன்று சாயங்காலத்துக்குள் சபையில் உள்ள அத்தனை வீட்டுக்கும் செய்தி போய்விட்டது: மிஸ் ஓஸெல்லா சிவப்புப் பூவோடு வருவார், யாரும் கண்ணை விரிக்கக் கூடாது, அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்கவும் கூடாது, நல்ல தொப்பி என்று மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும். ஒரே ஒரு இடத்துக்குத்தான் சொல்ல முடியவில்லை. பாஸ்டர் ஸ்டால்வர்த் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. ஒரு இயந்திரம்தான் எடுத்தது. பீப் சத்தம் கேட்ட பிறகு பேசச் சொன்னது. இயந்திரத்திடம் வம்பு பேசி எனக்குப் பழக்கமில்லை, வைத்துவிட்டேன். பர்மிங்காமிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிற பிள்ளை, பூவையெல்லாம் எங்கே பார்க்கப் போகிறது என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை மிஸ் ஓஸெல்லா காரிலிருந்து இறங்கியபோது நானே கொஞ்சம் அசந்துபோனேன். இளநீல உடுப்பு, இளநீலத் தொப்பி, இடது மார்பில் அவர்கள் வீட்டுச் செடியில் பூத்த சிவப்பு ரோஜா. பக்கத்தில் ஆர்லீதா, அவள் மார்பிலும் அதே செடியின் சிவப்பு. தாயும் மகளும் ஒரே நிறத்தில் பூ வைத்துக்கொண்டு சபைக்கு வருவதை நான் அதற்கு முன்பு பார்த்தது எப்போதென்றால், ஆர்லீதா ரெட்டைப் பின்னல் போட்ட காலத்தில்.

வாசலில் சிஸ்டர் லூவெல்லாவின் கையுறை கூடையிலிருந்த வெள்ளைப் பூவை நோக்கிப் போனது. நான் நடுவில் புகுந்தேன்.

“சிஸ்டர் லூவெல்லா, நேத்து போன்ல என்ன பேசினோம்?”

“நீதான் பேசின. நான் கேட்டுக்கிட்டிருந்தேன். சரின்னு சொன்னேனா?” குரலைத் தணித்துக்கொண்டார். “கர்த்தரோட வாசல்ல நின்னுக்கிட்டுப் பொய்ப் பூவைப் பாத்து நல்லாருக்குன்னு சொல்லணுமாக்கும்.”

“மிஸ் ரோவீனா எங்க இருக்காங்கன்னு கர்த்தருக்குத் தெரியும். நீங்க பூ குத்தித்தான் அவருக்குத் தகவல் சொல்லணுமா?”

“உன் நாக்குக்கு ஒரு நாள் இருக்கு ஃப்ரெடோனியா.”

“அந்த நாள் வர்றப்ப வரட்டும். இன்னிக்கு வழியை விடுங்க.”

அதற்குள் மிஸ் ஓஸெல்லா தானாகவே லூவெல்லாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, “உன் கையுறையில காப்பிக் கறை இருக்கு, கண்ணு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கறை இருக்கத்தான் செய்தது.

ஆராதனை நன்றாகப் போயிற்று. மே மாத வெக்கை, மின்விசிறி போதாமல் எல்லாரும் சவ அடக்கக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த அட்டை விசிறியை வீசிக்கொண்டிருந்தோம். அந்தக் கம்பெனிக்காரன் எங்களை விடப்போவதில்லை. பழைய பாட்டு ஒன்றை டீக்கன் ஒரு வரி இழுத்துச் சொல்ல, சபை பின்னால் பாடியது. அவர் இரண்டாம் சரணத்தில் தடுமாறினார். மிஸ் ஓஸெல்லா உட்கார்ந்த இடத்திலிருந்தே அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். அந்தக் குரலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆர்லீதாவின் தோள் மெல்ல இறங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். காலையிலிருந்து அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

கடைசியில் ஒரு வழக்கம் இருக்கிறது. சபையிலேயே வயதில் மூத்த தாய்க்கு ஒரு பூந்தொட்டி கொடுப்போம். போன வருடம் வரைக்கும் அது தொண்ணூற்றிரண்டு வயது சிஸ்டர் ஒருத்தருக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் கிறிஸ்துமஸுக்கு முன்னால் காலமாகிவிட்டார். இந்த வருடம் யார் என்று நான் யோசிக்கவே இல்லை. ஊரிலுள்ள அத்தனை பேர் வயதும் எனக்குத் தெரியும், அன்றைக்கு அது தோன்றவில்லை.

“மதர் ஓஸெல்லா!” என்று பாஸ்டர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். அந்தப் பிள்ளைக்கு எப்போதும் சிரித்த முகம். “எண்பத்தாறு வயசு! எழுந்து நில்லுங்கம்மா, எல்லாரும் பாக்கட்டும்.”

மிஸ் ஓஸெல்லா எழுந்தார். சபையின் கைதட்டல் பாதியில் நின்றது. பாஸ்டர் பூவைப் பார்த்துவிட்டார்.

“அட! சிவப்பா? மதர், உங்கம்மா இன்னும் இருக்காங்களா? கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! அவங்களையில்ல முதல்ல நாங்க பாக்கணும். எங்க அவங்க?”

எந்த விசிறியும் அசையவில்லை.

மிஸ் ஓஸெல்லா பெருமையோடு நிமிர்ந்தார். “வந்துக்கிட்டே இருக்காங்க, பாஸ்டர். எனக்கு முன்னாடியே கிளம்பினவங்கதான். நடந்துதான வர்றாங்க, கொஞ்சம் நேரமாகும். காலு வலி.”

முன்வரிசையில் யாரோ மெதுவாக “ஆமென்” என்றார்கள். பாஸ்டர் அந்த முகங்களைப் பார்த்தார், ஆர்லீதாவைப் பார்த்தார். பிழைக்கத் தெரிந்த பிள்ளை. “மெதுவா வரட்டும்மா,” என்று சொல்லித் தொட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஜெபத்துக்குத் திரும்பிவிட்டார்.

அழுகை இல்லை, அலறல் இல்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆராதனை முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்காக வெளியே ஓக் மரத்தடிக்குப் போனோம். நீள மேஜை முழுக்க வறுத்த கோழி, மக்கரோனி, பன்றி எலும்பு போட்டு வேகவைத்த காலர்ட் கீரை, சோள ரொட்டி, என் உருளைக்கிழங்கு சாலட். சாலட் முதலில் காலியானது, சொல்லத்தான் வேண்டும். மிஸ் ஓஸெல்லா வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், மடியில் பூந்தொட்டியோடு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஆர்லீதா முன்னால் முட்டி போட்டிருந்தாள்.

“அம்மா, சாப்பிடலாம் வாங்க.”

“நீ போ. எங்கம்மா வந்து என்னைக் காணோமுன்னா தேடுவாங்க. உள்ள இருக்கேன்னு சொல்லியிருக்கேன்.”

“வெளிய மரத்தடில உக்காந்தாலும் தெரியுமே.”

“கண்ணு சரியாத் தெரியாது அவங்களுக்கு. சொன்ன இடத்துல இருக்கணும்.”

ஒவ்வொருத்தராக முயன்றார்கள். டீக்கன் வந்து கையைக் கொடுத்தார். பாஸ்டர் மனைவி வந்து கேக் காட்டினாள். நானே ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு போனேன். அதை வாங்கி மேலே காகிதக் கைக்குட்டையைப் போட்டு மூடிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். “அம்மா இன்னிக்குப் பூரா ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க. சமைச்சுப் போடற வெள்ளைக்காரங்க வீட்டுல நின்னுக்கிட்டே ஏதாவது ரெண்டு வாய் போட்டிருப்பாங்க, அவ்வளவுதான்.” கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது நிழலாக வாசலில் தெரிந்தால் முகம் மலரும். உள்ளே வந்தது யார் என்று தெரிந்ததும் வாடிவிடும். அன்று வாசலைக் கடந்த எல்லாரும் அவருக்கு அந்த ஏமாற்றத்தைக் கொடுத்துவிட்டுத்தான் போனோம்.

கார்கள் கிளம்ப ஆரம்பித்தன. மேஜை காலியானது. சிஸ்டர் லூவெல்லா சாவிக்கொத்தோடு நடைக்கூடத்தில் நின்றுகொண்டு ஆர்லீதாவைக் கையாட்டிக் கூப்பிட்டார்.

“நான் சொன்னா கேக்கல. வெள்ளையைக் குத்தியிருந்தா ஒரு அழுகையோட போயிருக்கும். இது என்னடி, முடியவே முடியாத காத்திருப்பா இருக்கு.”

“ஒரு அழுகையா? நாலு நாள் சிஸ்டர். நான் பக்கத்துல இருந்து பாத்தேன். நீங்க பாக்கல.”

“இது எத்தனை நாளுன்னு உனக்குத் தெரியுமா?”

லூவெல்லா அதற்குமேல் ஜெயிக்க விரும்பவில்லை. சாவிக்கொத்தைப் பையில் போட்டார். கையுறையைக் கழற்றினார். வெறுங்கையோடு அவரைப் பார்த்தே வருஷமாயிற்று. வாதத்தில் முறுக்கிக்கொண்ட விரல்கள். “பூட்டறதுக்கு அவசரமில்ல. இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

ஆர்லீதா மறுபடியும் அம்மாவிடம் போனாள். இந்தத் தடவை முட்டி போடவில்லை. கையை நீட்டினாள்.

“வாங்க, ரோட்டுக்குப் போயிப் பாக்கலாம். வர்றாங்களான்னு.”

அது சரியென்று பட்டது போலிருக்கிறது. எழுந்தார். நான் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன். ரோடு வலது பக்கம். மிஸ் ஓஸெல்லாவின் கால் இடது பக்கம் திரும்பியது. எங்கள் கல்லறைத் தோட்டம் சபைக்கு ஒட்டினாற்போல இடது பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் அந்தப் பக்கம் ஒரு நடை போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போவார், நல்ல நினைவு இருந்த காலம் முழுக்க. புத்தி விட்டுவிட்டதைக் கால் வைத்திருந்தது. ஆர்லீதா என்னைப் பார்த்தாள். நிறுத்தட்டுமா என்று கண்ணால் கேட்டேன். அவள் அம்மாவின் கால் போன பக்கமே திரும்பினாள். நடந்தோம்.

சிடார் மரத்துக்கு அடியில் அந்தக் கல். மிஸ் ஓஸெல்லா அதன் முன்னால் நின்று குனிந்து, ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வாசிப்பதுபோல எழுத்தெழுத்தாக வாசித்தார். ரோவீனா. பிறந்த வருடம். இறந்த வருடம்.

“அடேயப்பா,” என்றார். “இங்கயா வந்துட்டாங்க.”

நாங்கள் அலறலுக்குக் காத்திருந்தோம். வரவில்லை. அவர் கல்லின் மேல் கை வைத்து, மேலே ஒட்டியிருந்த காய்ந்த இலையைத் தட்டிவிட்டார்.

“நான் இருந்தேனா?”

“இருந்தீங்கம்மா,” என்றாள் ஆர்லீதா.

“ஞாபகமே இல்லையே. பெத்தவளைப் புதைச்சது ஞாபகம் இல்லன்னா நான் என்ன பொண்ணு?”

ஆர்லீதா என் பக்கம் திரும்பினாள். இந்த ஊரில் நடந்த எந்த அடக்கத்தைப் பற்றி வேண்டுமானாலும் என்னிடம் கேட்கலாம், எனக்குத் தெரியாதது இல்லை. ஆகவே நான் சொன்னேன்.

“மழைங்க மிஸ் ஓஸெல்லா. அப்படி ஒரு மழை. மான்ட்கமரில நம்ம ஜனங்க, வெள்ளைக்காரங்களுக்குச் சீட்டு விட மாட்டோம்னு பஸ்ஸையே விட்டுட்டு நடந்துக்கிட்டிருந்த வருஷம். சவ வண்டி அந்த வளைவுல செம்மண்ணுல மாட்டிக்கிச்சு. தூக்க வந்த ஆறு பேரும் கோட்டைக் கழட்டி என்கிட்ட குடுத்துட்டு வண்டியைத் தள்ளினாங்க. உங்க தம்பி டெட்ராய்ட்டுலருந்து பெரிய காருல வந்து இறங்கினாரு. சொந்தக் காருன்னு சொன்னாரு.”

“சொந்தக் காரா?”

“வாடகை. சீட்டு கண்ணாடிலயே ஒட்டியிருந்துச்சு.”

“அவன் அப்படித்தான்,” என்றார். உதட்டோரம் சிரிப்பு வந்து போனது.

“உங்கம்மா சமைச்சுப் போட்ட வீட்டுக்கார அம்மா வந்தாங்க. வந்து கடைசி வரிசையில உக்காந்தாங்க. வெள்ளைக்காரி பின்னாடி உக்காந்திருக்கறதைப் பாக்கறதுக்கே பாதிப் பேரு திரும்பித் திரும்பிப் பாத்தாங்க, பிரசங்கத்தை யாரு கேட்டா? பன்னித்தொடை ஒண்ணு அனுப்பியிருந்தாங்க. அதைத் தொடவே மாட்டேன்னு சபதம் போட்டாங்க சிஸ்டர் லூவெல்லா. அப்புறம் பாத்தா ரெண்டு துண்டு தட்டுல.”

“ஒண்ணு,” என்றது பின்னாலிருந்து லூவெல்லாவின் குரல். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

“பாடினேனா நான்?” என்று மிஸ் ஓஸெல்லா கேட்டார்.

பாடினீர்கள், ஜனம் உருகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் அதுதான் வந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த முகம் உண்மையைத்தான் கேட்டது.

“பாடினீங்க. ரெண்டாவது சரணத்துல நின்னு போச்சு. உங்களால முடியல. நாங்க எல்லாரும் சேந்து முடிச்சோம்.”

“முடிச்சீங்களா.”

“கடைசி வரி வரைக்கும்.”

“நல்லது,” என்றார். “நல்லது செஞ்சீங்க.” பிறகு சத்தமில்லாமல் அழுதார். தொப்பியின் விளிம்பு மட்டும் ஆடியது. ஆர்லீதா முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். லூவெல்லா வெறுங்கையால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வெயில் சிடார் கிளைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அழுது முடித்துக் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது பூ பட்டது. குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

“சிவப்பா? எங்கம்மா மண்ணுக்குள்ள இருக்காங்க, நான் சிவப்பை வச்சுக்கிட்டு இவ்வளவு பேரு முன்னாடி உக்காந்திருந்தேனா? சபையில என்ன நெனைச்சிருப்பாங்க? யாரு குத்தினது இதை?”

“நான்தாம்மா,” என்றாள் ஆர்லீதா.

“நீ யாரு?”

அன்று முழுக்க ஒரு தடவைகூட அம்மா ஆர்லீதாவின் பெயரைச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சபைக்குள்கூட. பாட்டு வந்தது, வரி வந்தது. பெயர் வரவில்லை.

மிஸ் ஓஸெல்லா ஊசியைக் கழற்ற முடியாமல் தடுமாறினார். ஆர்லீதாதான் குனிந்து கழற்றினாள். குனிந்தவள் மார்பில் இருந்த ரோஜாவை அவர் விரலால் தொட்டார்.

“உனக்கும் சிவப்பு. உங்கம்மா இருக்காங்களா?”

“இருக்காங்கம்மா.”

“இருக்காங்கள்ல? அப்புறம் இன்னிக்கு நாளும் அதுவுமா இங்க ஒரு கிழவி கூட நின்னுக்கிட்டு என்ன பண்ற? வீட்டுக்குப் போ, கண்ணு. உனக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்க. காத்துக்கிட்டிருக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கெல்லாம் எங்க தெரியுது? போ, போ.”

“சரிங்கம்மா.”

ஆர்லீதா போனாள். கல்லறைத் தோட்டத்தின் வேலிக் கதவு வரைக்கும் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றாள். லூவெல்லா அவள் பின்னால் போகப் பார்த்தார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். இரண்டு பேரும் மிஸ் ஓஸெல்லாவின் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் மரத்தில் கத்திக்கொண்டிருந்த ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லைப் பார்க்கவில்லை. அது அதற்குள் நினைவிலிருந்து போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து ஆர்லீதா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். வருகிறவளைப் பார்த்து மிஸ் ஓஸெல்லா மரியாதையாகத் தலையசைத்தார். எங்கள் ஊரில் யாரையும் வெறுமனே கடந்து போகக் கூடாது. வீட்டில் எல்லாரும் சுகமா என்று ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். அது அவருக்கு இன்னும் இருந்தது.

“உங்கம்மா சுகமா, கண்ணு?”

“சுகமா இருக்காங்கம்மா. இப்பல்லாம் சாப்பாடுதான் கொஞ்சம் கம்மி.”

“வயசானா அப்படித்தான். சூப்பு வச்சுக் குடு. ஓஸெல்லா விசாரிச்சாங்கன்னு சொல்லு.”

“சொல்றேம்மா,” என்றாள் ஆர்லீதா. “கண்டிப்பாச் சொல்றேன்.”

பிறகு காரை நோக்கி மெதுவாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனோம். அடுத்த ஞாயிறு காலை என் ஜன்னலிலிருந்து பார்த்தபோது எதிர்வீட்டுத் திரை மூடியே இருந்தது, சபைக்குப் போகிற கார் வாசலிலேயே நின்றது. அதற்கு அடுத்த ஞாயிறும்.